தேதியைப் பார்த்துவிட்டுப் போன் செய்

நங்கநல்லூர், சென்னை.

அன்புள்ள கார்த்திக்,

இங்கே எல்லோரும் சௌக்கியம். தெருமுனையில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது, மத்தியானத்துக்குள் வடிந்துவிட்டது. "செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துட்டாங்களாமே, மாடிக்குப் போயிடுங்க" என்று நீ மெல்போர்னிலிருந்து கூப்பிடும்போது உனக்குப் பகல் பதினொரு மணி, எங்களுக்கு விடியற்காலை ஐந்தரை. அதற்கப்புறம் அப்பா தூங்குவதில்லை, என்னையும் தூங்கவிடுவதில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

ஐ.டி.யில் இருக்கிற பிள்ளைக்குத் தேடுவது எப்படி என்று அம்மா பாடம் எடுப்பதா என்று சிரிப்பாய். சிரித்துக்கொள். பத்திரிகை ஆபீஸ் லைப்ரரியில் ரிடையர் ஆகும்வரை கட்டிங் வெட்டி ஒட்டியவள் நான். தேதி முத்திரை இல்லாத கட்டிங்கை எங்கள் சப் எடிட்டர்கள் கையால் தொடமாட்டார்கள். நீயோ, தேதி பார்க்காமல் எங்களை மாடிக்கு அனுப்புகிறாய்.

முதலில் உன் போனில் கூகுள் நியூஸின் மொழி, நாடு அமைப்பை மாற்று. ஆஸ்திரேலியா, ஆங்கிலம் என்று வைத்திருக்கிறாய். அதில் சென்னை மழை என்றால் ஊரே மூழ்கின மாதிரி ஒரு படம், கீழே நாலு வரி. இந்தியா, தமிழ் என்று மாற்றிப் பார். முடிச்சூரில் எந்த நகர், வேளச்சேரியில் எந்தத் தெரு, எந்தச் சுரங்கப்பாதை மூடியிருக்கிறது என்று வரும். உனக்கு வேண்டியது அதுதானே?

அடுத்தது ஏரி. வெறும் "செம்பரம்பாக்கம்" என்று அடிக்காதே. "செம்பரம்பாக்கம் கன அடி" என்று அடி. திறந்தார்களா என்று கேட்டுப் பிரயோஜனமில்லை, எவ்வளவு திறந்தார்கள் என்று கேள். முன்னெச்சரிக்கையாக நொடிக்கு 100 கன அடி விட்டாலும் "ஏரி திறப்பு" என்றுதான் தலைப்பு போடுவார்கள். 2015 டிசம்பர் 1 அன்று அடையாற்றில் விட்டது நொடிக்குச் சுமார் 29,000 கன அடி. ஏரியின் முழு ஆழம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. இதை ஒரு சீட்டில் எழுதி வைத்துக்கொண்டு செய்தியைப் படித்தால் பாதி பயம் போய்விடும். மிச்ச பாதிக்கு மட்டும் போன் செய்.

தேடினதும் "செய்திகள்" பகுதிக்குப் போய்க் "கருவிகள்" என்பதைத் தொட்டால், கடந்த ஒரு மணி நேரம், கடந்த 24 மணி நேரம் என்று குறுக்கலாம். பழசைப் பார்க்க வேண்டுமானால் நீயே இரண்டு தேதி கொடுக்கலாம். 2015 நவம்பர் 30 முதல் டிசம்பர் 3 வரை என்று போட்டுப் படித்துப் பார். பின்னால் எழுதின கட்டுரைகளில் இருக்கிற தெளிவு அதில் இருக்காது. அந்த நாளில் யாருக்கு என்ன தெரிந்திருந்தது என்பது மட்டும் தெரியும். ஒரு எச்சரிக்கை: சில தளங்களில் பழைய செய்தியைக் கொஞ்சம் திருத்தினாலும் மேலே இன்றைய தேதி வந்து உட்கார்ந்துகொள்ளும். முதல் பாராவில் கிழமை, புயல் பெயர் என்ன என்று பார்த்துவிடு.

புயல் பெயர் என்றதும் ஞாபகம் வருகிறது. 2023 டிசம்பரில் வந்ததை மிக்ஜாம் என்று ஒருவர் எழுதினார், மிச்சாங் என்று இன்னொருவர். ஒன்றை மட்டும் தேடினால் பாதிதான் கிடைக்கும். நடுவில் ஆங்கிலப் பெரிய எழுத்தில் OR என்று போட்டு இரண்டையும் தேடு. மேற்கோள் குறிக்குள் போட்டால் எழுத்து மாறாமல் அப்படியே தேடும். ஆங்கிலத்தில் அது சௌகரியம். தமிழில் "செம்பரம்பாக்கம்" என்று குறிக்குள் போட்டால் "செம்பரம்பாக்கத்தில்" என்று எழுதினவர் தப்பிப் போகலாம்.

அந்த முதலை வீடியோவும் அதே டிசம்பர்தான். பெருங்களத்தூர் பக்கம் ராத்திரியில் ரோட்டைக் கடந்த முதலை. சித்தப்பா மழை வந்தால் போதும், "இப்போ வந்தது" என்று குடும்பக் குரூப்பில் போட்டுவிடுகிறார். "பெருங்களத்தூர் முதலை" என்று இரண்டே வார்த்தை அடித்தால் வருஷம் வந்து நிற்கிறது. நீயும் அதை எனக்கு அனுப்பியிருந்தாய்.

கூகுள் நியூஸை உருவாக்கிய கிருஷ்ண பரத் நம்ம மெட்ராஸ் ஐ.ஐ.டி.யில் படித்தவர், தெரியுமா? 2001 செப்டம்பர் தாக்குதல் சமயத்தில், ஒரே சம்பவத்தைப் பற்றிப் பல பத்திரிகைகள் எழுதுவதை ஒரே இடத்தில் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று ஆரம்பித்தது. 2002இல் வெளியே வந்தது. அதில்தான் நீ ஏமாறுகிறாய். "பத்து பேப்பர்ல போட்டிருக்கும்மா" என்கிறாய். திறந்து பார், பத்திலும் ஒரே வாக்கியம். மேலேயோ கீழேயோ பி.டி.ஐ. என்று செய்தி ஏஜென்சியின் பெயர் இருக்கும். ஏஜென்சி காப்பி ஒன்றுதான், அச்சடித்தவர்கள் பத்துப் பேர். (அந்த பி.டி.ஐ.யே 1947இல் மெட்ராஸில் பதிவானதுதான்.) வேறு வாக்கியத்தில், வேறு ஆளிடம் கேட்டு எழுதின செய்தி ஒன்று இருக்கிறதா என்று தேடு. அது ஒன்றுக்குத்தான் மதிப்பு.

நம் பேட்டைச் செய்திக்குக் கூகுள் அலர்ட் போட்டு வை, நீ கொடுத்த வார்த்தை புதுச் செய்தியில் வந்தால் மெயில் அனுப்பும். "நங்கநல்லூர்" என்று போட்டால் பாதி நாள் ஆஞ்சநேயருக்கு வடைமாலை சாத்தின செய்திதான் வரும். பக்கத்தில் இடைவெளி விட்டு ஒரு கழித்தல் குறி, அதோடு ஒட்டி "ஆஞ்சநேயர்" என்று அடி. அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். நடக்க நடக்க அனுப்பு என்று வைக்காதே, நாளுக்கு ஒரு தடவை போதும்.

1976லும் 1985லும் வந்த வெள்ளத்துக்கு அன்றைய தமிழ்ப் பேப்பரில் என்ன போட்டார்கள் என்று கேட்டிருந்தாயே, அதைக் கூகுளில் தேடி நேரத்தை வீணாக்காதே. இணையத்துக்கு வந்த புதிதில்கூடத் தமிழ்ப் பேப்பர்கள் ஆளுக்கொரு எழுத்துருவில் போட்டன. இன்றைய யூனிகோடில் தேடினால் அவை சிக்காது. அதற்கு முந்தியது காகிதம்தான். லீவுக்கு வரும்போது சொல், எழும்பூர் கன்னிமாராவுக்கும் தரமணி ரோஜா முத்தையா நூலகத்துக்கும் போய்க் கேட்டுப் பார்க்கலாம்.

அலர்ட்டை இன்றைக்கே போட்டுவிடு. அந்த முதலையின் தேதியைச் சித்தப்பாவுக்கு நீயே அனுப்பு; நான் சொன்னால் ஒரு வாரம் பேசமாட்டார்.

அன்புடன்,
அம்மா