சீனியர் போட்டோ: மாரிக்கு ஒரு கடிதம்

பிளானோ, டெக்சஸ்
ஆகஸ்ட், ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மாரி,

உங்கம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று கேள்விப்பட்டு நிம்மதி. ஸ்டுடியோவுக்கு மாடி எடுக்கிறாய் என்பது அதைவிடச் சந்தோஷம். பாஸ்போர்ட் போட்டோவை எல்லாம் செல்போன் விழுங்கிவிட்டது, கல்யாணம்தான் சோறு போடுகிறது என்று புலம்பியவன், கடைசியில் "உங்க ஊர்ல பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கே தனியா ஷூட் எடுக்காங்களாமே, அது என்னல?" என்று கேட்டிருந்தாய். சரியான நேரத்தில்தான் கேட்டாய். இரண்டு வாரமாக எங்கள் வீட்டில் வேறு பேச்சே இல்லை.

மூத்தவள் இந்த மாதம் பன்னிரண்டாம் வகுப்பு. இங்கே அதற்கு சீனியர் என்று பெயர். சீனியர் ஆனவுடன் படிப்பு, காலேஜ் விண்ணப்பம் இதற்கெல்லாம் முன்னால் வந்து நிற்பது போட்டோதான். அதிலும் இரண்டு வகை.

ஒன்று, பள்ளி ஏற்பாடு செய்வது. பள்ளி ஒரு ஸ்டுடியோவோடு ஒப்பந்தம் போட்டுவிடும். இயர்புக் என்கிற பள்ளி ஆண்டு மலரில் வருவது பெரும்பாலும் அவர்கள் எடுத்த படம்தான். எல்லாருக்கும் ஒரே பின்னணி, ஒரே அளவில் தலை. அப்போதுதான் பக்கம் வரிசையாக இருக்கும் என்பார்கள். பெண் பிள்ளைகளுக்குக் கறுப்பு வெல்வெட்டில் 'டிரேப்' என்று ஒன்று. தோளுக்குக் கீழே சுற்றி முதுகுப் பக்கம் கிளிப் போட்டுவிடுவார்கள். படத்தில் பார்த்தால் ராஜகுமாரி மாதிரி இருக்கும். பையன்களுக்குக் கறுப்புக் கோட்டு, வெள்ளைச் சட்டை, கழுத்தில் பட்டாம்பூச்சி மாதிரி 'போ டை'. இடுப்புக்குக் கீழே அரை டிராயரும் செருப்பும். உங்கள் அப்பா ஸ்டுடியோவில் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஆணியில் ஒரு கோட்டும் முடிச்சுப் போட்டே வைத்த டையும் தொங்குமே, கீழே சீப்பும் பவுடர் டப்பாவும் இருக்குமே, அதேதான். வேலைக்கு மனுப் போட அந்தக் கோட்டில் நீயும் நானும் எடுத்த படம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

டிரேப் என்றதும் மகள் முகம் சுருங்கியது. இது சும்மா துணி விஷயம் இல்லையாம். மிசிசிப்பியில் ஒரு மாணவி, டிரேப் வேண்டாம், பையன்கள் போடுகிற டக்சீடோ கோட்டைப் போட்டுக்கொள்கிறேன் என்று எடுத்த படத்தைப் பள்ளி 2010 இயர்புக்கின் சீனியர் பக்கங்களில் சேர்க்கவில்லை. வழக்கு நடந்து 2011இல் சமரசமானது. அதன் பிறகு அந்தக் கல்வி மாவட்டத்தில் ஆண், பெண் எல்லாருக்கும் பட்டமளிப்புத் தொப்பியும் அங்கியும்தான் என்று ஆக்கிவிட்டார்கள். ரோட் ஐலண்டில் இன்னொரு பையன் 2006இல் இரும்புக் கவசமும் வாளுமாகப் படம் எடுத்துக்கொண்டு வந்து, ஆயுதம் கூடாது என்று பள்ளி மறுத்து, அதுவும் கோர்ட்டுப் படி ஏறியது. இதையெல்லாம் எனக்கு வகுப்பு எடுத்துவிட்டு, கடைசியில் அவள் பேசாமல் போய் டிரேப்பையே போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். "இது இயர்புக்குக்குத்தானே அப்பா, நம்ம படம் வேற" என்றாள்.

அந்த 'நம்ம படம்'தான் இரண்டாவது வகை. தனியாக ஒரு போட்டோகிராபரைப் பிடித்து, வெளியில் போய், இரண்டு மூன்று உடை மாற்றி எடுப்பது. செலவு சில நூறு டாலரில் ஆரம்பித்து ஆயிரத்தைத் தாண்டும். உனக்குத் தொழில் சூட்சுமம் வேண்டும் என்றால் கேள். காசு பெரும்பாலும் படம் எடுக்கிற கட்டணத்தில் இல்லை, பிரிண்டில் இருக்கிறது. சுவருக்குப் பெரிது, பாட்டிமார்களுக்கு நடுத்தரம், நண்பர்களுக்குள் மாற்றிக்கொள்ளப் பர்ஸில் வைக்கும் குட்டிப் படம், வசந்தத்தில் பட்டமளிப்பு அழைப்பிதழுக்கு ஒன்று. மாற்றிக்கொள்ளும் பழக்கம் புதிதும் இல்லை. 1860களிலேயே ஜார்ஜ் வாரன் என்கிற போட்டோகிராபர் ஹார்வர்டு, யேல் மாணவர்களை எடுத்து, வகுப்புத் தோழர்கள் படங்களை வாங்கி ஆல்பமாகக் கட்டி வைத்துக்கொள்ளும்படி விற்றிருக்கிறார். ஒரு நெகட்டிவில் எத்தனை பிரதி வேண்டுமானாலும் போடலாம் என்று ஆனதும் வியாபாரி சும்மா இருப்பானா?

இப்போது ஆயத்தத்துக்கு வருகிறேன். ஆகஸ்டில் இங்கே 38 டிகிரி சர்வ சாதாரணம். அதனால் சூரியன் இறங்குகிற கடைசி ஒன்றரை மணி நேரம்தான் வேலை. மெக்கின்னி என்று பக்கத்து ஊர், பழைய கடைவீதி, செங்கல் சுவர்கள். அங்கே என்று முடிவானது. முடிவெட்டு ஒரு வாரம் முன்னால், புருவம் திருத்துவது மூன்று நாள் முன்னால், புது கிரீம் எதையும் தொடக் கூடாது. நெருக்கமான கோடு போட்ட சட்டை கேமராவில் அலை அலையாக ஆடும் என்று நீ எப்போதோ சொன்னதை நாங்கள் பிடித்த போட்டோகிராபர் அம்மாவும் சொன்னார். கையில் முடி ரப்பர் பேண்டு இருந்தால் கழற்றி வை என்றார். அவருக்கு அது பெரிய விரோதி போல, மூன்று தரம் சொன்னார். கண்ணாடிதான் தலைவலி. மகளுடையது வெயிலில் கறுக்கிற லென்ஸ். வெளியே நின்றால் கண்ணே தெரியாது. கண்ணாடிக் கடையில் கேட்டதற்கு அதே மாதிரி வெறும் ஃபிரேம் ஒன்றை ஒரு வாரத்துக்குக் கடனாகக் கொடுத்தார்கள். லென்ஸே இல்லாததால் பளபளப்பும் இல்லை. இதை உன் கடையில் நீயும் செய்யலாம், மாரி.

உடையில்தான் சண்டை. வீட்டம்மாவுக்குக் கல்யாணத்துப் பட்டு. மகளுக்கு ஜீன்ஸும், பள்ளி ஆர்கெஸ்ட்ராவுக்கு வாங்கிய, பள்ளி எழுத்துத் தைத்த லெட்டர் ஜாக்கெட்டும். அது கம்பளி உடம்பும் தோல் கையும் வைத்தது, அந்த வெயிலில்! பட்டு கட்டினால் யாரோ மாதிரி இருக்கிறேன் என்று பிடிவாதம் பிடித்தவள், அலமாரியில் கிடந்த எங்கம்மாவின் பழைய சுங்குடிச் சேலையைத் தானாகவே எடுத்து வந்தாள். அரக்கு நிறம், துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆனது. வீட்டம்மாவுக்கு மனசே இல்லை. "நைந்த சேலையைக் கட்டிப் படம் எடுத்தா ஊர்ல என்ன சொல்வாங்க?" என்றாள். காருக்குள் வைத்துக் கட்ட முடியாது என்பதால் ஒரு காபிக் கடையின் கழிவறையில் கொசுவம் வைத்து, ஊக்குக் குத்தி, நான் வெளியே ஜாக்கெட்டைத் தூக்கிக்கொண்டு காவல் நின்றேன். சேலையில் எடுத்தவற்றில் அவள் நிற்கிற நிற்பே வேறு. ஜாக்கெட் படங்களில் பல்லைக் காட்டுகிறாள், அவ்வளவுதான்.

ஆனால் உன்னிடம் பேச நினைத்தது வேறு. பள்ளி ஸ்டுடியோவிலிருந்து புரூஃப், அதாவது பார்த்துச் சொல்ல அனுப்பும் மாதிரிப் படம், வந்தபோது முகம் ஒரு நிறம், கழுத்தும் தோளும் இன்னொரு நிறம். ரீடச்சிங்கில் முகத்தை மட்டும் வெளுத்து வைத்திருந்தார்கள். மகள் பார்த்துவிட்டு "இது யாரு?" என்றாள். கூப்பிட்டுச் சொன்னோம், மாற்றித் தந்தார்கள். அதனால்தான் வெளியில் எடுக்கிற போட்டோகிராபரைப் பிடிக்கும்போது அவருடைய பழைய படங்களில் கறுப்பு, மாநிறப் பிள்ளைகள் எப்படி வந்திருக்கிறார்கள் என்று முதலில் பார்த்தேன். நிழலில் நிற்கும் முகத்தில்கூடக் கன்னத்து மினுக்கம் தெரிந்தது. அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன்.

கலர் லேபுகளுக்குக் கோடாக் 1950களிலிருந்து அனுப்பிய ஷெர்லி கார்டு பற்றி உனக்குத் தெரிந்திருக்கும். வெள்ளைக்காரப் பெண்ணின் படம். அவள் தோல் சரியாக வந்தால் மெஷின் சரி என்று கணக்கு. பல நிற முகங்கள் வைத்த கார்டு 1990களில்தான் வந்தது. அதற்கு முன்னால் பிலிமில் பழுப்பு நிறம் சரியில்லை என்று புகார் சொன்னவர்களில் சாக்லேட் கம்பெனியும் மரச்சாமான் கம்பெனியும் உண்டாம். நம் முகத்துக்காக யாரும் கேட்கவில்லை, மேஜைக்காகக் கேட்டிருக்கிறார்கள்.

நீ சொல்வது தெரியும். "கொஞ்சம் பளிச்சுன்னு போடுங்கண்ணே" என்று கேட்பது உன் கஸ்டமர்தான், நீ இல்லை. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கேட்காத பிள்ளைக்கும் நீ சேர்த்தே போட்டுவிடுகிறாய் அல்லவா? பொண்ணு பார்க்கிற போட்டோவுக்கு வேண்டுமானால் உன் தர்மசங்கடம் புரிகிறது. பன்னிரண்டாவது முடித்துச் சேலை கட்டிக்கொண்டு ஃபேர்வெல் படம் எடுக்க வருகிற பிள்ளைகளுக்காவது அந்த வெளுக்கிற பட்டனைத் தொடாதே. புது மாடியில் இவர்களுக்கென்று ஒரு ஷூட் ஆரம்பிப்பதாக இருந்தால் சாயங்கால வெளிச்சத்தில் ஆற்றங்கரைக்குக் கூட்டிப் போ. குறுக்குத்துறைப் படித்துறை போதும், எந்த பேக்டிராப்பும் வேண்டாம். விலையை மட்டும் எங்கள் ஊர்க்காரர்களிடம் கற்றுக்கொள்ளாதே.

என் பக்கம் சேதி அதிகம் இல்லை. வேலை ஓடுகிறது, முதுகுவலி அப்படியேதான். சின்னவன் இப்போதே தன் சீனியர் படத்துக்கு நாயையும் கூட்டிப் போகணும் என்கிறான். எங்களிடம் நாய் கிடையாது.

ஒரு வேலை உனக்கு. சுங்குடிச் சேலைப் படத்தை டிரைவ் லிங்கில் அனுப்புகிறேன், வாட்ஸ்அப்பில் போட்டால் நசுங்கிவிடும். 12க்கு 18 அங்குல மேட் பேப்பரில் போட்டு, மெல்லிய மரச்சட்டத்தில் மாட்டி, பாளையங்கோட்டையில் எங்கம்மாவிடம் நீயே கொண்டுபோய்க் கொடு. லேபில் பையன் நிறத்தைத் திருத்தாமல் பார்த்துக்கொள். பணத்தை ஜிபேயில் போடுகிறேன், வேண்டாம் என்று நாடகம் போடாதே.

அன்புடன்,
குமார்