'லினக்ஸா சார்?' என்று சிரிக்கும் கடைக்காரர்களுக்கு

மானிட்டரும் கிராபிக்ஸ் கார்டும் விற்கிற அண்ணன்மார்களுக்கு வணக்கம்.

விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் இயங்குதளம் வைத்திருக்கும் நான், போன மாதம் உங்களில் ஒருவரிடம் "லினக்ஸ்ல ஓடுமா?" என்று கேட்டேன். சிரித்துவிட்டு, "ஃபோர்கே சார், எல்லாத்துலயும் ஓடும்" என்றார். 27 அங்குல மானிட்டரை ஆட்டோவில் மடியில் வைத்து வீட்டுக்குக் கொண்டு வந்தேன். ஓடத்தான் செய்தது. ஆனால் மவுஸ் அம்பு நொண்டி நொண்டி நகர்ந்தது. கட்டளை தட்டும் டெர்மினலைத் திறந்து பார்த்தால், ஃபோர்கேயின் புள்ளிக்கணக்கான 3840x2160 பக்கத்தில் 30 என்று நிற்கிறது. என் பழைய மதர்போர்டில் மானிட்டர் வயரை மாட்ட இருப்பது எச்டிஎம்ஐ 1.4 துளை. ஃபோர்கேயில் நொடிக்கு 30 தடவைக்கு மேல் (30 ஹெர்ட்ஸ்) படத்தைப் புதுப்பிக்க அதற்குத் தெம்பில்லை. 60 வேண்டுமென்றால் எச்டிஎம்ஐ 2.0 வேண்டும், இல்லையேல் இன்னொரு வகைத் துளையான டிஸ்ப்ளேபோர்ட் 1.2. இதில் லினக்ஸ் மேல் பழியே இல்லை, விண்டோஸிலும் இதே கதைதான். "எதில் மாட்டப் போறீங்க?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

சரி, கார்டு வாங்கலாம் என்று திரும்ப வந்தேன். விளையாட்டு கிடையாது, எழுத்து வேலைதான் என்று சொல்லியும் மூன்று விசிறி வைத்த என்விடியாதான் முதலில் மேசைக்கு வந்தது. அதுவும் ஓடும்தான். ஆனால் கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரைத் தனியாகப் போட வேண்டும். லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலைப் புதுப்பித்த மறுநாள் காலை கருந்திரையில் முழிக்கவும் நேரலாம். ஏஎம்டிக்கும் இன்டெலுக்கும் டிரைவர் கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. அதற்காகப் புத்தம்புதுசை எடுத்து நீட்டாதீர்கள். 2025 மார்ச்சில் வந்த ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9070 கார்டை, 2023-இல் வந்த டெபியன் 12 என்ற லினக்ஸ் பதிப்பின் 6.1 கெர்னலுக்கு அடையாளமே தெரியாது.

கேபிளும் அப்படித்தான். ஃபோர்கேயில் 120 ஹெர்ட்ஸ் கேட்டு ஏஎம்டி வாங்குகிற லினக்ஸ்காரர் கையில் எச்டிஎம்ஐ வயரைத் திணிக்காதீர்கள். யாரும் நிரலைப் பார்க்கக்கூடிய திறந்த மூல டிரைவரில், அந்த 120-க்கு வேண்டிய எச்டிஎம்ஐ 2.1-ஐச் சேர்க்க ஏஎம்டி கேட்டபோது, அந்தத் தரத்தை வகுக்கும் எச்டிஎம்ஐ ஃபோரம் 2024-இல் மறுத்துவிட்டது. டிஸ்ப்ளேபோர்ட் வயரைக் கொடுங்கள், வம்பில்லை.

இவ்வளவு பாடுபட்டு ஃபோர்கே எதற்கு என்றால், தமிழுக்குத்தான். 24 அங்குல முழு எச்டியில் அங்குலத்துக்கு 92 புள்ளி. 27 அங்குல ஃபோர்கேயில் 163. சின்ன எழுத்தில் 'ண'வின் சுழியை 'ன' என்று வாசித்துத் திருத்திய நாட்கள் எனக்குண்டு. இப்போது சுழி சுழியாகத் தெரிகிறது. ஆனால் திரையின் உருப்பெருக்கம் 100 சதவீதத்தில் இருந்தால் எழுத்து எறும்பாகிவிடும், 200-இல் யானை. 150 வைத்தால் அளவு சரி, எக்ஸ்11 என்ற பழைய காட்சி முறைக்கு எழுதிய செயலிகள் சில மங்கும். இதையெல்லாம் அட்டைப்பெட்டியைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது.

அதனால் கேட்பது ஒன்றுதான். காட்சிக்கு வைத்திருக்கும் கணினியில் பென்டிரைவிலிருந்தே ஓடும் ஒரு யுஎஸ்பி லைவ் லினக்ஸைப் போட்டுப் பார்க்க விடுங்கள். எதையும் நிறுவ மாட்டேன், உங்கள் விண்டோஸ் அப்படியே இருக்கும். பென்டிரைவ் நானே கொண்டு வருகிறேன், பத்து நிமிடம் போதும்.

இப்படிக்கு,
இன்னும் 30 ஹெர்ட்ஸில் தட்டச்சு செய்யும் வாடிக்கையாளர்