சாக்சன் உடைக்கு வெல்வெட் எதற்கு?

ஆசிரியருக்கு வணக்கம்.

எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் ஆண்டு விழா வந்தால், ஒளிந்திருந்த வீட்டுக்காரி பார்த்துக்கொள்ளச் சொன்ன ரொட்டியை ஆல்பிரட் அரசர் கருகவிட்ட கதை எங்காவது ஒரு மேடையில் ஏறிவிடும். நாடகம் நல்லதுதான். ஆனால் உடையைப் பார்த்தால் வெல்வெட் கோட்டு, கழுத்தில் சுருக்கு வைத்த லேஸ், முன்பக்கம் வரிசையாகப் பளபளக்கும் பட்டன். ஆல்பிரட் 871 முதல் 899 வரை இங்கிலாந்தில் ஆண்ட சாக்சன் இனத்து அரசர், அந்தக் கோட்டோ அவருக்குப் பல நூறு வருஷம் பிந்தியது. அதற்குக் கொடுக்கிற வாடகையில் சரியான உடையை உள்ளூரிலேயே தைத்துவிடலாம் என்று தேவிபட்டினத்தில் தையல் மெஷின் வைத்துப் பிழைக்கிறவன் என்கிற முறையில் சொல்கிறேன்.

ஆண் உடை ரொம்பச் சுலபம். தலைவழியாகப் போடுகிற நீளக்கைச் சட்டை, முழங்கால் வரை தொங்கும். இடுப்பில் பெல்ட், கீழே கால்சட்டை, கெண்டைக்காலைச் சுற்றித் துணிப்பட்டை, மேலே வலது தோளில் ஊசி குத்திய போர்வை. காலர், காஜா, ஜிப் எதுவும் கிடையாது.

பெண் உடையில்தான் விஷயமே இருக்கிறது. 5, 6ஆம் நூற்றாண்டுச் சாக்சன் பெண்கள் மூட்டிய கைலி மாதிரி ஒரு துணிக்குழாயைத் தோள் வரை ஏற்றி, முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் சேர்த்து தோளுக்கு ஒன்றாக இரண்டு உலோக ஊசி குத்திக்கொண்டார்கள், இரண்டு ஊசிக்கும் நடுவே பாசிமணிச் சரம் தொங்கும். துணி மண்ணில் மக்கிப்போனாலும் அந்த ஊசிகளின் துருவில் துணுக்குத் துணுக்காக ஒட்டி நின்றதை வைத்துத்தான் நூலையும் நெசவையும் கண்டுபிடித்திருக்கிறார்கள், எனக்கு இதுதான் பெரிய ஆச்சரியம். பத்து வயசுப் பிள்ளைக்கு இரண்டு மீட்டர் துணி, ஒரே தையல், முடிந்தது. ஆனால் ஆல்பிரட் காலத்துக்கு இது ஆகாது, 7ஆம் நூற்றாண்டிலேயே ஜோடி ஊசி வழக்கம் போய்விட்டது. அவர் கதையில் வருகிற அந்த வீட்டுக்காரிக்கு நீளக்கை அங்கியும் தலையை மூடிய துணியும்தான் பொருத்தம்.

அவர்கள் உடுத்தியது கம்பளியும், ஆளிச்செடி நாரில் நெய்த லினனும். நம் வெயிலில் பிள்ளைகளுக்குக் கம்பளி போட முடியாது, பரமக்குடித் தறியில் நெய்த முரட்டுப் பருத்தி போதும், மேடையிலிருந்து பார்த்தால் லினன் போலவே இருக்கும். கைமுனைக் கரையைச் சாக்சன்கள் நாலு ஓட்டை போட்ட சதுர அட்டைகளில் நூலைக் கோத்து, அட்டையைத் திருப்பித் திருப்பி நெய்தார்கள். பழைய சீட்டுக்கட்டை வெட்டிக் கொடுத்தால் பிள்ளைகளே நெய்துவிடுவார்கள்.

அப்புறம் சாயம். அவர்கள் சிவப்புக்கு வேகவைத்தது மஞ்சிட்டி வகை வேர். அதில் சாயம் ஏற்றுகிற அலிசரின்தான் ராமேஸ்வரம் மணலில் ஒரு காலத்தில் தோண்டி விற்ற சாயவேரிலும் இருக்கிறது. இம்பூறல் என்று வைத்தியர்கள் சொல்வதும் அந்தச் செடியைத்தான். துணியைக் கடுக்காய்த் தண்ணீரில் ஊறவைத்து, படிகாரம் ஏற்றி, வேரோடு வேகவைத்தால் பருத்தியில் சிவப்பு நன்றாகப் பிடிக்கும். நீலத்துக்கு அவர்களிடம் இருந்த செடி வேறு, ஆனால் அதிலிருந்து வரும் நீலமும் நம் அவுரி நீலமும் ஒன்றேதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1939இல் இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் சட்டன் ஹூ என்கிற பழைய புதைமேட்டைத் தோண்டியபோது கிடைத்த தங்கத் தோள்பூட்டுகளில் சிவப்புக் கற்கள் பதித்திருந்தன. அந்தக் காலத்துச் சாக்சன் நகைகளில் உள்ள இப்படிப்பட்ட கற்களில் பல இந்தியா, இலங்கைப் பக்கத்திலிருந்து போனவை என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். இதைப் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு அந்த உடையை மாட்டிவிடுங்கள், எவ்வளவு ஆசையாக நடிப்பார்கள்!

உங்கள் மாணவர் பக்கத்தில் இந்த உடைகளின் வெட்டு அளவுகளைப் படத்தோடு வெளியிட வேண்டும். துணி மட்டும் கொண்டுவந்தால் எந்தப் பள்ளிக்கும் கூலி வாங்காமல் வெட்டிக் கொடுக்க நான் தயார்.

ஒரு தையற்காரர்,
தேவிபட்டினம்