ஒரே பேனா இல்லை

மதுரை,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மாணிக்கம்,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. முழங்கால் வலி குறைந்து மாடிப்படி ஏறத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் கடைசியில் போகிற போக்கில் கேட்டிருக்கிறாயே, "ஒரே பேனாவை ஏன் பதினோரு முறை வாங்கி வைத்திருக்கிறாய்?" என்று, அதற்குப் பதில் எழுதாமல் எனக்குத் தூக்கம் வராது.

ஒரே பேனா இல்லையப்பா. பார்க்கர் 51 என்ற பெயர்தான் ஒன்று. 1888இல் தொடங்கிய கம்பெனி தன் 51ஆவது ஆண்டான 1939இல் அதை உருவாக்கியதால் அந்தப் பெயர். அமெரிக்காவில் முறையாக விற்பனைக்கு வந்தது 1941இல். எழுதியவுடன் உலரும் மை ஒன்றைச் செய்தார்கள். அது நிப்பிலேயே உலர்ந்துவிடாமல் இருக்க நிப்பையும் உறை போட்டு மூடினார்கள். நம் பள்ளியில் வசதியான வீட்டுப் பையன்கள் சட்டைப்பையில் குத்திக்கொண்டு வந்த ஹீரோ பேனா நினைவிருக்கிறதா? முனை மட்டும் எட்டிப் பார்க்கும் அந்த முகஜாடை இதனிடமிருந்து போனதுதான்.

1948 வரை வந்தவை வாக்குமேட்டிக் என்ற ரகம். அடிப்பக்கத்துச் சின்ன மூடியைத் திருகிக் கழற்றி, உள்ளே இருக்கும் தண்டைப் பலமுறை அழுத்தினால் மை ஏறும். உள்ளே ஒரு ரப்பர் சவ்வு. அது காய்ந்துபோனால் பேனா ஊமை. 1948இல் ஏரோமெட்ரிக் வந்தது. பக்கவாட்டில் அழுத்தி மை நிரப்பும் பை. அதற்கு எந்தப் பிளாஸ்டிக்கைத் தேர்ந்தெடுத்தார்களோ, எழுபது வருடம் கழித்தும் பச்சைத் தண்ணீரில் அலசினால் போதும், எழுதுகிறது. ஆரம்ப வருடங்களில் சில பேனாக்களுக்கு அலங்காரமாகப் பாசிமணி போல, தலையில் ஒரு மணி, அடியில் ஒரு மணி என்று இரண்டு. பிறகு அடிமணியை விட்டுவிட்டார்கள். இரட்டை மணி என்றால் விலை ஏறுவது இதனால்தான்.

எனக்கு எல்லாவற்றையும்விட ஆசை 'சிவப்பு வளையம்' மீது. 1946, 47 வாக்கில் பொத்தானை அழுத்தி மை நிரப்பும் முறை ஒன்றைச் சோதித்துப் பார்த்தார்கள். உடலின் இணைப்பில் சிவப்பு உலோக வளையம் தெரியும். சரியாக வேலை செய்யவில்லை. பழுதுக்கு வந்தவற்றைப் பழைய முறைக்கே மாற்றிக் கொடுத்து, கதையை முடித்துவிட்டார்கள். அன்று வேண்டாம் என்று ஒதுக்கியதற்கு இன்று ஆள் அலைகிறது. என்னிடம் இல்லை. என் ஓய்வூதியத்தில் வரவும் வராது.

சரி, பதினோராவதைப் பற்றிச் சொல்கிறேன். சிரிக்காதே. 'பிளம்' என்று ஒரு நிறம் உண்டு. நாவல்பழத்தைக் கடித்தபின் நாக்கில் ஒட்டுகிற நிறம் என்று வைத்துக்கொள். 1940களின் கடைசியில் சிறிது காலம்தான் செய்தார்கள். அதன் அண்ணன் 'பர்கண்டி', திராட்சை ரசச் சிவப்பு. அது தெருவுக்கு ஒன்று கிடைக்கும். இணையத்தில் ஒருவர் பிளம் என்று சொல்லி விற்றார். படத்தில் ஊதாதான். பணத்தை அனுப்பினேன். பார்சல் வந்தது. குழல்விளக்கின் கீழும் ஊதாதான். இரவு முழுக்க மேஜையிலேயே வைத்துவிட்டுத் தூங்கினேன்.

காலை ஏழு மணி வெயிலில், மொட்டை மாடியில், என் பழைய பர்கண்டியைப் பக்கத்தில் வைத்தேன். இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். துளி வித்தியாசம் இல்லை. மருமகள் துணி உலர்த்த வந்தவள், "என்ன மாமா, ஒரே மாதிரி இரண்டு?" என்று கேட்டாள். அதுதானம்மா பிரச்சினை என்றேன். விற்றவர் வேண்டுமென்று ஏமாற்றினார் என்று சொல்ல மாட்டேன். விளக்கு வெளிச்சம் அவரையும் ஏமாற்றியிருக்கலாம். திருப்பி அனுப்பவில்லை. நிப்பு அவ்வளவு வழுவழுப்பு. இந்தக் கடிதமே அதில்தான் எழுதுகிறேன், நம் பழைய பிரில் ராயல் புளூ மையில்.

பேனா கலெக்டர் என்று பேரன் பள்ளியில் என்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறான். டீச்சர் எந்த மாவட்டத்துக்கு என்று கேட்டார்களாம்.

இப்போது உன்னிடம் ஒரு வேலை. உன் அப்பா கணக்கு எழுதிய அந்தக் கறுப்புப் பேனா இன்னும் மரப்பெட்டியில்தானே இருக்கிறது? எடுத்துப் பார். உடலின் மேல் எழுத்துகளோடு ஒரு சிறிய இலக்கம் இருக்கும், சிலவற்றில் அருகில் புள்ளிகளும் இருக்கும். 4 என்றால் 1944. மூன்று புள்ளி முதல் காலாண்டு, பிறகு ஒவ்வொன்றாகக் குறையும். பூதக்கண்ணாடி இல்லாமல் தெரியாது. பேத்தியின் கண்ணைக் கடன் வாங்கிக்கொள். அடிமுனை திருகுகிறதா என்றும் பார், ஆனால் பலம் கொடுத்துத் திருகாதே. ஸ்பிரிட் போட்டுத் துடைக்கவே துடைக்காதே, உடல் வெடிப்பு விட்டுவிடும். அப்பாவின் மை உள்ளே காய்ந்திருந்தால் அப்படியே இருக்கட்டும், நான் வந்து அலசுகிறேன்.

அது ஹீரோவாக இருந்தாலும் எழுது. தை பிறந்ததும் எப்படியும் வருகிறேன்.

உன்,
கோபால்