பவானிக்கு, மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து

அன்புள்ள பவானி,

டெலிகிராம் செயலியில் வந்த அந்த வேலைக்குப் பணம் கட்டிச் சேரலாமா என்று கேட்டிருந்தாய். முதலில் அதற்குப் பதில்: வேண்டாம். ஒரு வெள்ளிகூட, ஒரு ரிங்கிட்கூட அனுப்பாதே. மற்றதை அப்புறம் பேசலாம், இதை மட்டும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்றுதான் நலம் விசாரிப்பதற்கு முன்னால் எழுதுகிறேன்.

உன் நிலைமை எனக்குப் புரிகிறது. மாமியார் படுக்கையில். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், குழைந்த கஞ்சி ஊட்ட வேண்டும். இந்த நேரத்தில் தொழிற்சாலை ஷிப்ட் உனக்கு ஒத்துவராது. அண்ணன், அதான் உன் வீட்டுக்காரர், லோரி ஓட்டிக் கொண்டுவரும் சம்பளம் ஒன்றை வைத்து வீட்டு வாடகையும் டயப்பரும் பிள்ளைகள் படிப்பும் எப்படி நடக்கும்? வீட்டை விட்டு நகராமல் சம்பாதிக்க ஒரு வழி கிடைக்காதா என்று நீ தேடுவது பேராசை இல்லை. உன்னைப் போல வீட்டில் மாட்டிக்கொண்டவர்கள் தேடுவார்கள் என்று தெரிந்துதான் அவர்களும் வலை விரிக்கிறார்கள்.

எங்கள் தாமானில், இந்தக் குடியிருப்பிலேயே, ஒரு பையனுக்கு இதே கதை நடந்தது. ஏதோ ஹோட்டல்களுக்கு நட்சத்திரம் போடும் வேலை, படுத்துக்கொண்டே செய்யலாம் என்றார்கள். முதல் நாள் அவன் கணக்கில் நிஜமாகவே காசு வந்தது. அந்தச் சின்னத் தொகைதான் தூண்டில். அப்புறம் “பெரிய டாஸ்க்” திறக்க முன்பணம் கட்டச் சொன்னார்கள். கட்டினான். திரையில் லாபம் ஏறிக்கொண்டே போனது. எடுக்கப் போனால் வரி கட்டு, கணக்கைத் திறக்கக் கட்டணம் கட்டு என்று இன்னும் கேட்டார்கள். அவன் அம்மா நகையை அடகு வைத்து அதையும் கட்டினாள். அந்தக் குழுவில் “எனக்குப் பணம் வந்துவிட்டது” என்று எழுதிக்கொண்டிருந்த அத்தனை பேரும் அவர்களுடைய ஆட்கள்தான்.

வேலை கொடுப்பவன் உனக்குக் காசு கொடுப்பான், உன்னிடம் வாங்க மாட்டான். எனக்குத் தெரிந்த நம்பகமான சோதனை இதுதான். அவர்கள் கொடுத்த வங்கிக் கணக்கு எண்ணையும் தொலைபேசி எண்ணையும் போலீஸின் ‘செமாக் மியூல்’ பக்கத்தில் தட்டிப் பார். புகார் வந்த எண்ணாக இருந்தால் காட்டிவிடும். ஆனால் அங்கே பெயர் இல்லை என்பதற்காக நல்லவன் என்று நினைத்துவிடாதே, கணக்குகளை அவர்கள் மாற்றிக்கொண்டே இருப்பார்கள். அண்ணனுக்குத் தெரியாமல் ஏற்கெனவே ஏதாவது கட்டியிருந்தால் இந்தக் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு 997-க்கு அழை. 2022-இல் மோசடிகளுக்கென்றே தொடங்கிய மையம் அது. பணம் வேறு கணக்குக்குத் தாவுவதற்குள் சொன்னால்தான் தடுக்க முடியும். வெட்கப்பட்டு ஒரு இரவு பொறுத்தாலும் போய்விடும்.

இன்னொன்று. “உன் ஏடிஎம் கார்டை மட்டும் கொடு, மாதம் வாடகை தருகிறேன்” என்று எவனாவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடு. ஊரான் காசு உன் கணக்கில் புரண்டால் போலீஸ் தேடி வருவது உன்னைத்தான். நேரடி விற்பனை என்று வருபவர்களிடம் ஏஜேஎல் என்று தொடங்கும் உரிம எண்ணைக் கேள். 1993 சட்டப்படி அந்த உரிமம் இல்லாமல் நடத்தக்கூடாது, ஆள் சேர்த்தால்தான் காசு என்கிற பிரமிடு திட்டம் குற்றம்.

சரி, இது வேண்டாம் என்று சொல்லிவிட்டு நிறுத்தினால் நான் என்ன தோழி? எதைச் செய்யலாம் என்றும் யோசித்தேன்.

கைத்தொலைபேசியில் தேடுவதற்கு முன், உன்னைச் சுற்றி இருப்பவர்கள் எதற்கு ஏற்கெனவே காசு செலவழிக்கிறார்கள் என்று பார். எனக்குத் தையல் அப்படித்தான் அமைந்தது. இந்தியாவிலிருந்து சேலை வாங்கி வருகிறார்கள், ரவிக்கை தைக்க ஈப்போவுக்கு ஓட வேண்டியிருந்தது. உனக்கு இருப்பது கறித்தூள். உன் அம்மா வறுத்த அந்த மீன் கறித்தூளின் பக்குவம் உன் கைக்கு அப்படியே வந்திருக்கிறது. போன தீபாவளிக்கு நீ கொடுத்தனுப்பியதை என் நாத்தனார் இன்னமும் கேட்கிறாள். முறுக்கு, அதிரசம் என்றால் பண்டிகைக்குத்தான் ஓட்டம், அதுவும் அடுப்பு முன்னால் நின்றபடியே நிற்க வேண்டும். மாமியார் கூப்பிட்டால் எண்ணெய்ச் சட்டியை விட்டுப் போக முடியாது. தூள் அப்படி இல்லை. இன்று மல்லியைச் சுத்தம் செய்து காய வைக்கலாம், அவர் தூங்கும்போது வறுக்கலாம், நாளை மில்லுக்குக் கொடுக்கலாம். கெட்டுப்போகாது, கூரியரில் போகும், வருடம் பூராவும் வீட்டில் கறி வைப்பார்கள்.

விலையில்தான் நம் பெண்கள் கோட்டை விடுகிறார்கள். கடையில் மல்லி, மிளகாய், சோம்பு, சீரகம் வாங்கிய கணக்கை மட்டும் கூட்டி, மேலே இரண்டு வெள்ளி வைத்து விற்றுவிடுவார்கள். ஒரு கிலோ சாமான் ஒரு கிலோ தூளாகாது, பவானி. காம்பு கிள்ளினால் எடை போகும், வறுத்தால் ஈரம் போகும், மில்லில் கொஞ்சம் தங்கும். அதனால் வாங்கிய எடையை விட்டுவிட்டு, அரைத்து வந்த தூளைத் தராசில் வைத்துப் பார்த்து, அதற்குத்தான் விலை கட்ட வேண்டும். கேஸ், மில் கூலி, பை, லேபல், கூரியர் எல்லாம் சேர்த்துவிட்டு, உன் கைக்கு மணிக்கு இவ்வளவு என்று ஒரு கூலியும் போடு. இப்போது நாட்டில் குறைந்தபட்சச் சம்பளமே மாதம் 1,700 வெள்ளி, உன் நேரம் ஓசி இல்லை. அப்புறம், மில்லிலிருந்து சூடாக வரும் தூளை அப்படியே பையில் அடைத்துவிடாதே. பாயில் பரப்பி நன்றாக ஆற விடு. சூட்டோடு அடைத்தால் உள்ளே வியர்த்துக் கட்டி தட்டும், வாடை அடிக்கும், வாங்கியவள் திரும்ப வரமாட்டாள். முதல் ஆடர் யாராக இருந்தாலும் பாதிப் பணம் முன்னால் வாங்கு. நான் துணியோடு முன்பணமும் வாங்கிய பிறகுதான் நோட்டில் அளவு எழுதுகிறேன், சொந்தக்காரர்களானாலும் அப்படித்தான்.

இப்போது நான் ரொம்ப நாளாக மனதில் வைத்திருப்பதைச் சொல்கிறேன். வீட்டிலிருந்து சம்பாதிப்பது நமக்குப் புதிதா? நம் அம்மாக்கள் விடியற்காலை பெரட்டுக்கு, அந்த ஆள் கணக்கெடுப்புக்குப் போய், மத்தியானம் வரைக்கும் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டினார்கள். அப்புறம் லயத்துக்குப் பின்னால் மாடு வளர்த்தார்கள், ஆடு வளர்த்தார்கள், வடை சுட்டு விற்றார்கள், சீட்டுப் பிடித்தார்கள். மரம் வெட்டியதற்குச் செக்ரோலில், தோட்டத்துச் சம்பளப் பதிவேட்டில், பெயர் இருந்தது, அதனால் சேமநிதியும் சொக்சோ என்கிற தொழிலாளர் காப்புறுதியும் கிடைத்தன. மாட்டுக்கும் வடைக்கும் எந்தப் புத்தகத்திலும் பெயர் இல்லை. உன் அம்மா எண்ணெயில் கையைச் சுட்டுக்கொண்டு வேலைக்குப் போகாமல் கிடந்தாரே, அந்த நாட்களுக்கு யார் என்ன கொடுத்தார்கள்? வீட்டு வேலை என்றால் கணக்கில் வராத வேலை என்று நாமும் பழகிவிட்டோம். நீ அப்படிச் செய்யாதே. உன் பெயரை நீயே செக்ரோலில் எழுதிக்கொள்.

எழுதுவது கஷ்டமில்லை. கம்பெனிகளைப் பதியும் அரசாங்க ஆணையமான எஸ்எஸ்எம்மில் வியாபாரத்தைப் பதிவு செய். அடையாள அட்டையில் இருக்கும் உன் சொந்தப் பெயரிலேயே என்றால் வருடத்துக்கு 30 வெள்ளி, கடைப்பெயர் வைத்தால் 60. வியாபாரம் தொடங்கி 30 நாளுக்குள் பதிந்துவிட வேண்டும். வேலை கொடுப்பவன் காசு வாங்க மாட்டான் என்று மேலே எழுதிவிட்டு இப்போது காசு கட்டச் சொல்கிறேனே என்று நினைக்காதே. இங்கே கட்டினால் உன் பெயரில் சான்றிதழ் வரும், அதைக் காட்டி வங்கியில் வியாபாரக் கணக்கு திறக்கலாம், கடன் கேட்கலாம். உணவுப் பொருள் என்பதால் டைபாய்டு ஊசியும் உணவு கையாளுவோர் பயிற்சியும் வேண்டும், 2009 உணவுத் தூய்மை விதி அது. பயிற்சி அரை நாளில் முடிந்துவிடும், அன்றைக்கு மட்டும் நாத்தனாரை மாமியாருக்குத் துணை வைத்துக்கொள். பையில் பொருளின் பெயர், சேர்த்தவை, எடை, உன் பெயர் முகவரி, காலாவதித் தேதி எல்லாம் எழுதிவிடு. மலாய்க்காரர்களும் வாங்குவார்கள் என்று ஆசைப்பட்டு, சான்றிதழ் இல்லாமல் ஹலால் சின்னம் மட்டும் ஒட்டிவிடாதே. வீட்டில் தயாரிப்பதற்கு உங்கள் ஊர் மாஜ்லிஸ், அதாவது நகராண்மைக் கழகம், லைசென் கேட்குமா என்று நேரில் போய்க் கேள், இது இடத்துக்கு இடம் மாறும்.

சொக்சோவில் இல்லத்தரசிகளுக்கென்று 2022 டிசம்பரில் தொடங்கிய திட்டம் இருக்கிறது, வருடத்துக்கு 120 வெள்ளி, 55 வயதுக்குள் சேர வேண்டும். வீட்டு வேலையில் விழுந்து அடிபட்டால் அதில் உதவி உண்டு. மாமியாரைத் தூக்கி இறக்குகிற உனக்கு இதைத்தான் முதலில் சொல்வேன். சுயதொழில் செய்பவர்களுக்கும் தனியாக ஒரு காப்பு இருக்கிறது, கவுண்டரில் இரண்டையும் சேர்த்தே விசாரி. சேமநிதிக்கு ‘ஐ-சாரான்’. நீயாகப் போடும் தொகைக்கு அரசாங்கம் 20 விழுக்காடு, வருடத்துக்கு 500 வெள்ளி வரைக்கும் சேர்த்துப் போடுகிறது. முடிந்த மாதம் 20 வெள்ளி போட்டாலும் போடு.

கைமுதல் என்று பெரிதாக எதுவும் தேவைப்படாது, இருக்கிற சட்டியும் அடுப்பும் போதும். பிறகு சொந்தமாக அரைக்கும் இயந்திரம் வாங்கலாம் என்று தோன்றினால் சிறு வியாபாரிகளுக்குக் கடன் கொடுக்கும் தெக்குனில் இந்தியர்களுக்கான ஸ்பூமி கடன் இருக்கிறது, சிறுகடன் கொடுக்கும் அமானா இக்தியாரில் 2024-இல் இந்தியப் பெண்களுக்காகவே தொடங்கிய ‘பெண்’ திட்டம் இருக்கிறது. ஆலோங், அந்தக் கந்துவட்டிக்காரன் பக்கம் மட்டும் தலை வைத்துப் படுக்காதே. ஆனால் ஆடர் வருவதற்கு முன்னால் நல்ல கடனும் வேண்டாம் என்பது என் எண்ணம்.

இங்கே எல்லோரும் சௌக்கியம். நம் பழைய தோட்டத்தில் லயங்கள் பாதி இடிந்துவிட்டன, சுற்றிலும் செம்பனைதான். கோயில் மட்டும் நன்றாக இருக்கிறது, வெளியூரிலிருந்து பிள்ளைகள் திருவிழாவுக்கு வந்துவிடுகிறார்கள்.

அடுத்த மாதம் பெரியக்கா மகளுக்கு நிச்சயம், வீட்டிலேயே சமையல். மீன் கறித்தூள் இரண்டு கிலோ, இறைச்சிக் கறித்தூள் ஒரு கிலோ வேண்டும். நான் மேலே சொன்ன மாதிரி கணக்குப் போட்டு விலையை எழுதி அனுப்பு, தோழிக்கு என்று குறைக்காதே. பாதிப் பணத்தை உடனே அனுப்பிவிடுகிறேன், மீதி தூள் வந்ததும்.

அண்ணனுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. மாமியாரின் காலை ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொள், குதிகாலில் புண் வராமல் தலையணை கொடுத்து வை.

அன்புடன்,
செல்வி