“பதினைந்து நாளில் உடம்புக்கு ஏதாவது வந்ததா?”

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தமிழகத்தில் மருத்துவமனைப் பிரசவம் 99.6 சதவீதம் என்பதைச் சொல்லி, நம் சுகாதாரத் துறையை மனமாரப் பாராட்டி எழுதியிருந்தீர்கள். பாராட்ட வேண்டியதுதான். 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வு தந்த எண் அது. அதோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் இப்படிப்பட்ட எண்கள் திண்ணையில் பிறப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் நான். பன்னிரண்டு ஆண்டுகள் ஒப்பந்தக் கள ஆய்வாளராக, படிவக் கட்டும் தண்ணீர் பாட்டிலுமாக விருதுநகர், ராமநாதபுரம் மாவட்டங்களில் வீடு வீடாக ஏறி இறங்கியிருக்கிறேன். இப்போது அருப்புக்கோட்டையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

2018 பங்குனியில் திருச்சுழி பக்கம் ஒரு ஊர். வீடு வீடாக நோயையும் மருத்துவச் செலவையும் கேட்டறியும், மத்திய அரசின் தேசிய மாதிரி ஆய்வின் 75ஆவது சுற்று. எழுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மா, கணவர் இறந்து தனியாக இருப்பவர், வாசலில் மிளகாய் வற்றலுக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். படிவத்தில் உள்ளபடி கேட்டேன்: “கடந்த பதினைந்து நாளில் உடம்புக்கு ஏதாவது வந்ததா?”

“எனக்கென்ன தாயி, கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன்.”

இதைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு முறை மூச்சு வாங்கினார். கால் இரண்டும் வீங்கி, அமுக்கினால் குழி விழும் போலிருந்தது. காலைக் காட்டிக் கேட்டேன். “அது மூன்று வருசமாக இருக்கிறது. அதுவா நோய்?” என்று சிரித்தார். நாள்பட்ட நோயையும் பதிய வேண்டும் என்றுதான் விதி. ஆனால் நோய் உள்ளவர் அதை ஒத்துக்கொண்டால்தானே பதிவது? நான் டாக்டர் இல்லை. கண்ணால் பார்த்ததை எழுதப் படிவத்தில் கட்டம் இல்லை. “இல்லை” என்று குறித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனேன். அந்த “இல்லை” டெல்லிக்குப் போய்ச் சதவீதத்தில் கரைந்திருக்கும்.

எங்கள் பயிற்சி வகுப்பில் ஒரு பேராசிரியர் சொன்னது அன்று இரவெல்லாம் நினைவுக்கு வந்தது. வங்கப் பஞ்சத்துக்கு அடுத்த ஆண்டு, 1944இல், கல்கத்தாவுக்கு அருகே சிங்கூரில் ஓர் ஆய்வு நடந்தது. மனைவியை இழந்த ஆண்களில் 48.5 சதவீதம் பேர் உடம்பு சரியில்லை அல்லது சுமார் என்றார்கள். கணவனை இழந்த பெண்களில் அப்படிச் சொன்னவர்கள் 2.5 சதவீதம். பஞ்சம் ஆண்களை மட்டுமா தின்றது? பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென் பல இடங்களில் எடுத்துக்காட்டிய கணக்கு இது. அவரே இன்னொன்றையும் சொல்வார்: நீண்ட ஆயுளுள்ள கேரளத்தில்தான் “எனக்கு நோய்” என்று சொல்பவர்கள் அதிகம், ஆயுள் குறைந்த பீகாரில் குறைவு. வீட்டு வாசலில் கிடைத்த பதிலை மட்டும் நம்பினால், நோய்க்குப் பயந்து பீகாருக்குக் குடிபோக வேண்டியிருக்கும்.

நாடுகளுக்கு மதிப்பெண் போடும் கதை இதைவிட வேடிக்கை. 2000இல் உலக சுகாதார நிறுவனம் 191 நாடுகளின் சுகாதார அமைப்புகளை வரிசைப்படுத்தியது. பிரான்ஸ் முதலிடம், இலங்கை 76, இந்தியா 112. எங்கள் மேற்பார்வையாளர் ஒருவர் எப்போது டீ குடித்தாலும் இந்த 112ஐ இழுப்பார். மக்களை மரியாதையாக நடத்துகிறார்களா என்பதற்கும் அதில் மதிப்பெண் உண்டு. அதை எப்படிக் கணித்தார்கள் தெரியுமா? 35 நாடுகளில், விஷயம் தெரிந்தவர்கள் என்று ஏறக்குறைய இரண்டாயிரம் பேரைக் கேட்டார்கள். மற்ற நாடுகளுக்குக் கணக்குப் போட்டு நிரப்பினார்கள். வரிசையில் நின்ற நோயாளியை யாரும் கேட்கவில்லை. கண்டனம் எழுந்த பிறகு, 2002 முதல் 2004 வரை சுமார் 70 நாடுகளில் வீடு வீடாகப் போய் உலக சுகாதார ஆய்வை நடத்தினார்கள். இந்தியாவில் ஆறு மாநிலங்கள் அதில் இருந்தன. தமிழ்நாடு இல்லை.

அந்த ஆய்வில் ஒரு நல்ல உத்தி இருந்தது. “உங்களை எப்படி நடத்தினார்கள்?” என்று கேட்பதோடு நிற்காமல், கற்பனை நோயாளி ஒருவரின் கதையைச் சொல்லி, “இவரை நடத்திய விதம் நல்லதா, சுமாரா, மோசமா?” என்றும் கேட்டார்கள். எல்லாருக்கும் ஒரே கதை. பதில் சொல்பவரின் கையில் உள்ள அளவுகோல் எத்தனை அங்குலம் என்பது அதில் தெரிந்துவிடும்.

படிவத்தில் இல்லாவிட்டாலும், அந்த மிளகாய்க்கார அம்மாவிடம் இதை ஒருமுறை செய்து பார்த்தேன். (மேற்பார்வையாளருக்குத் தெரிந்திருந்தால் திட்டியிருப்பார்.) “உங்களை மாதிரி ஓர் அம்மா ஆஸ்பத்திரியில் மூன்று மணி நேரம் நிற்கிறார். டாக்டர் தலை நிமிராமலே மாத்திரை எழுதிக் கொடுக்கிறார். என்ன வியாதி என்று சொல்லவில்லை. இது எப்படி?” அவர் யோசிக்கவே இல்லை. “மாத்திரை கொடுத்துவிட்டாரே, அப்புறம் என்ன?” இப்படிப்பட்டவரிடம் “சிகிச்சை திருப்தியா?” என்று கேட்டு, “திருப்தி” என்ற பதிலை வாங்கி, அதை அரசின் சாதனையாக அச்சிட்டால் யாரை ஏமாற்றுகிறோம்?

99.6க்கு வருகிறேன். என் அக்கா மகளின் பிரசவமும் மருத்துவமனையில்தான் நடந்தது. வலியில் கத்தியவளை ஒருவர் வாயில் வராத வார்த்தையால் ஏசினார். அவளிடம் பிறகு கேட்டேன். “குழந்தை நல்லபடியாக வந்துவிட்டது, விடுங்கள் சித்தி” என்றாள். நான் சுமந்த படிவங்களில் குழந்தை எங்கே பிறந்தது என்பதற்குக் கட்டம் இருந்தது, ஏச்சுக்கு இல்லை.

அதற்காக ஆய்வுகளே வீண் என்று சொல்ல வரவில்லை. மருத்துவமனைப் பதிவேட்டுக்கு வந்தவரை மட்டும்தான் தெரியும். வராதவரைத் தேடிப் போவது நாங்கள்தான். தமிழகத்தில் தனியார் மருத்துவமனைப் பிரசவங்களில் 63.8 சதவீதம் அறுவை சிகிச்சை, அரசு மருத்துவமனைகளில் 36 சதவீதம் என்பதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்ததும் இதே குடும்ப நல ஆய்வுதான். 99.6ஐக் கொண்டாடுபவர்கள் அதே அறிக்கையில் உள்ள இந்த வரியை ஏனோ படிப்பதில்லை.

செலவுக் கணக்கும் இப்படித்தான். ஓர் ஆண்டுக்குள் மருத்துவமனையில் சேர்ந்ததற்கு எவ்வளவு ஆனது என்று கேட்டால் யாருக்கும் நினைவிருக்காது. பங்குனிப் பொங்கலுக்கு முன்பா, தீபாவளிக்குப் பின்பா என்று இழுத்துப் பிடித்து நாளைக் கண்டுபிடிப்போம். ரசீது தொலைந்திருக்கும். ஆனால் நகை அடகு வைத்த சீட்டு மட்டும் பத்திரமாக இருக்கும். பல வீடுகளில் அதுதான் உண்மையான மருத்துவமனை பில். நோயாளிக்குத் துணைக்கு இருந்தவர் இழந்த கூலி, ஆட்டோ, டிபன் எல்லாவற்றையும் தோண்டிக் கேட்க ஒரு வீட்டுக்கு ஒன்றரை மணி நேரமாவது வேண்டும். எங்களுக்குக் கிடைத்தது அதில் பாதி.

இதில் எனக்குப் பெரிய உறுத்தல் ஒன்று உண்டு. வீட்டுச் செலவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் மருத்துவத்துக்குப் போனால் அந்தக் குடும்பம் பாதிக்கப்பட்டது என்றுதான் உலகம் வெகுகாலம் கணக்கு வைத்திருந்தது. பணமில்லாமல் வைத்தியமே வேண்டாம் என்று படுத்துக்கொண்டவரின் செலவு பூஜ்யம். அந்தக் கணக்குப்படி அவர் பாதுகாப்பாக இருக்கிறார். கால் வீங்கிய அந்த அம்மாவும் அப்படித்தான்.

திட்டமிடுபவர்களுக்கு என் கோரிக்கை இது: “திருப்தியா?” என்பதை விட்டுவிடுங்கள். எத்தனை மணி நேரம் காத்திருந்தீர்கள், என்ன நோய் என்று சொன்னார்களா, பரிசோதிக்கும்போது திரை இருந்ததா, யாராவது திட்டினார்களா, யாருக்காவது பணம் கொடுத்தீர்களா என்று நடந்ததைக் கேளுங்கள். கூடவே கற்பனை நோயாளியின் கதை இரண்டு சொல்லி, அதையும் கேளுங்கள். வீட்டுக்கே ஒருவர் பதில் சொல்லும் வழக்கத்தை விட்டு, பெண்களிடமும் வயதானவர்களிடமும் தனியாகப் பேச நேரம் கொடுங்கள். பதிலை மாவட்டவாரியாக வெளியிடுங்கள். கள ஆய்வாளர் தன் கண்ணால் கண்டதை எழுத, படிவத்தின் ஓரத்தில் இரண்டு வரி இடமும் விடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு முன்னாள் கள ஆய்வாளர்,
அருப்புக்கோட்டை.
(பெயரை வெளியிட வேண்டாம்.)