குட்டியோட சூடு ஆறுறதுக்குள்ள – என் நன்றி மடல்

கோத்தகிரில இருக்க என் சொந்தங்களுக்கு, லைன் வீட்டு அக்கம்பக்கத்துக்கு, லேப்ல கூட நின்னவங்களுக்கு, எல்லாருக்கும் சேத்து ஒரே மடலா எழுதுறேன். ஒவ்வொருத்தருக்கா போன் பண்ணா பேச்சு வராது, அழுகதான் வரும். போன வாரம் வைவா முடிஞ்சுது, பிஎச்டி கெடச்சிருச்சு.

ஆறு வருசமா அப்படி என்னதான் படிக்கிறன்னு கேட்டுக்கிட்டே இருந்தீங்கல்ல, மொதல்ல அத சொல்லிடுறேன். மூக்குலருந்து கெளம்புற வாசனை சேதி மூளையோட முன்பக்கத்துல ஆல்ஃபேக்டரி பல்ப்னு ஒரு சின்ன குமிழ் இருக்கு, அங்க தான் மொதல்ல போய் சேருது. அதே குமிழுக்கு மூளைத்தண்டுலருந்து நாரட்ரினலின்னு ஒரு கெமிக்கலும் வருது, திடுக்கிட்டாலோ ஒடம்பு பெரிய சிரமத்துல இருந்தாலோ அது ஜாஸ்தியா வரும். அப்போ அதே வாசனைக்கு மூளை குடுக்குற பதில் மாறிடுது. அந்த கெமிக்கல அனுப்புற எடத்துக்கு பேரு லோகஸ் செருலியஸ், லத்தீன்ல நீல எடம்னு அர்த்தம், நீலகிரில பொறந்த எனக்கு அத மொத தடவ படிச்சப்ப சிலிர்த்துப் போச்சு. எலி மூளைல ஒரு பக்கத்துக்கு சுமார் 1,500 செல் தான் அங்க இருக்கு, அதுல 400லருந்து 600 செல் வரைக்கும் இந்த வாசனை குமிழுக்கே நரம்ப நீட்டி வச்சிருக்கு. இத்துனூண்டு எடம் வாசனைக்கு ஏன் இவ்ளோ செலவழிக்குதுங்கறது தான் என் கேள்வி.

ஆனா அந்த கேள்வி புஸ்தகத்துலருந்து வரல, எங்க அம்மாயிகிட்டருந்து வந்துச்சு. சாஸ்திரி சிறிமாவோ ஒப்பந்தத்துக்கு அப்பறம் இலங்கைலருந்து இங்க வந்து கொழுந்து பறிச்சவங்க, கூடவே நாலஞ்சு ஆடு வளத்தாங்க. ஒரு ஆடு ஈனும்போது தாய் செத்துப்போச்சுன்னா அந்த குட்டிய அப்போதான் ஈன்ன இன்னொரு ஆட்டுகிட்ட தூக்கிட்டு போவாங்க, அந்த ஆட்டோட பனிக்கொட தண்ணிய இந்த குட்டி மேல தேய்ச்சு மூக்கு கிட்ட காட்டுவாங்க. "சூடு ஆறுறதுக்குள்ள மோந்து பாக்கணும், ஆறிருச்சுன்னா முட்டி தள்ளிரும்"னு சொல்லுவாங்க. எத்தன ராத்திரி நான் டார்ச் பிடிச்சுக்கிட்டு பக்கத்துல நின்னிருக்கேன்.

எம்எஸ்சி படிக்கிறப்ப கைடு மேடம் ஒரு பேப்பர குடுத்து படிக்க சொன்னாங்க. செம்மறி ஆடு ஈனும்போது கருவாய் விரியுற அந்த தூண்டுதல்ல வாசனை குமிழுக்குள்ள நாரட்ரினலின் பெருகுது, அந்த கொஞ்ச நேரத்துக்குள்ள தாய் தன் குட்டி வாசனைய மனசுல பதிச்சுக்குது, அந்த கெமிக்கல கொண்டு வர்ற நரம்ப முன்னாடியே அழிச்சிட்டா நிறைய ஆடுங்க தன் குட்டி எது ஊரான் குட்டி எதுன்னு பிரிச்சு பாக்குறதே இல்லன்னு இருந்துச்சு. படிச்சு முடிச்சிட்டு அம்மாயி சொன்னத மேடம்கிட்ட சொன்னேன். அவங்க கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, இதத்தான் நீ பண்ணப்போறன்னு சொன்னாங்க. மேடம், வேற யாராவதா இருந்தா ஆட்டுக்கதைன்னு விட்டுருப்பாங்க. அந்த ஒரு நாளுக்காகவே உங்களுக்கு ஆயுசுக்கும் நன்றி சொல்லணும்.

வேல எலி மூளைல தான். ஒரு மில்லிமீட்டர்ல மூணுல ஒரு பங்கு கூட இல்லாத துண்டு, அத உப்பு தண்ணில போட்டு ஆக்சிஜன் விட்டுக்கிட்டே இருந்தா சில மணி நேரம் உயிரோட இருக்கும், அதுக்குள்ள முடி நுனிய விட சன்னமான கண்ணாடி குழாய வச்சு ஒரே ஒரு செல்ல தொடணும். பல நாள் தொட்டதும் செத்துரும். லேப் அட்டெண்டர் அண்ணே, நான் வர்றதுக்கு முன்னாடியே தண்ணி கலந்து வச்சிட்டு "இன்னைக்கு பிடிச்சிருவம்மா"ன்னு சொல்லுவீங்களே, அதுக்காகவே மறுபடி உக்காந்திருக்கேன். ரொம்ப லேசான தூண்டலுக்கு சும்மா கெடந்த செல்லு நாரட்ரினலின் ஊத்துனதும் பதில் சொல்லுச்சு பாருங்க, அன்னைக்கு ராத்திரி நம்ம ரெண்டு பேரு தான் இருந்தோம். அந்த எலிங்களையும் நான் மறக்க மாட்டேன்.

நடுவுல ஏழு மாசம் ஸ்டைபண்ட் வரல. ஹவுஸ் ஓனர் அக்கா வாடகைய பத்தி ஒரு வார்த்த கேக்கல. அம்மா மகளிர் குழுல கடன் வாங்கி அனுப்புனாங்க, பச்ச எல விலை எறங்கி கெடந்த நேரம் அது, குழு அக்காங்க தவணைய தள்ளி வச்சீங்கன்னு எனக்கு ரொம்ப நாள் கழிச்சு தான் தெரியும். உங்க பேரெல்லாம் தீசிஸ் மொத பக்கத்துல தமிழ்லயே போட்டிருக்கேன். அப்பா, ஃபேக்டரி நைட் ஷிஃப்ட் முடிச்சு வந்து தூங்காம என்ன மேட்டுப்பாளையம் பஸ்ஸுல ஏத்திவிட்டதுக்கு என்ன எழுதுறதுன்னே தெரியல.

அம்மாயி போய் நாலு வருசம் ஆச்சு. அவங்க சொன்னது எந்த பக்கத்துல இருக்குன்னு காட்ட முடியாம போச்சு, அது ஒன்னு தான் ஆறல.

அத்தே, கருப்பாடு இந்த மாச கடைசில ஈனும்னு சொன்னீங்கல்ல. நான் அதுக்குள்ள ஊருக்கு வந்துருவேன், நடு ராத்திரியா இருந்தாலும் எழுப்புங்க, டார்ச் நான் பிடிக்கிறேன்.